அட்டன் போய் வந்த நாள்

இன்று காலை முனிசிபல் ஆள் நம் சந்துச் சாக்கடையில் பினாயில் ஊற்றிவிட்டுப் போனார். கதவைச் சாத்தியும் வாடை உள்ளே வந்துவிட்டது. இப்போதெல்லாம் எழுந்து நடப்பதற்கே அலுப்பாக இருக்கிறது. நாற்காலியில் கிடந்தபடியே, சிலோன் கப்பலேறுமுன் நோய் பார்க்க நிறுத்திவைக்கும் மண்டபம் முகாமுக்கு நினைப்பில் போய்விட்டேன். அங்கே தரையெல்லாம் இதே வாடைதான். நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காய்ச்சலில் துவண்டு கிடந்த நம் பாக்கியத்தை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாய்.

நாம் சிலோனுக்குக் கிளம்பியதே உன் தங்கைக்காகத்தான். அட்டனில் கடை வைத்திருந்தவருக்குச் செல்லம்மாவைக் கட்டிக்கொடுத்த பிறகு அவள் முகத்தையே நீ பார்க்கவில்லை. உங்கள் இருவருக்கும் எழுத்து தெரியாது. வருகிறவர், போகிறவர் சொல்லும் சேதிதான். கடல் தாண்டி, பாஷை தெரியாத ஊருக்குச் சின்னப் பிள்ளையோடு தனியாகப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. அப்போதுதான் மதுரையிலிருந்து குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு கண்டி, அட்டன், கதிர்காமம் என்று காட்டிக் கூட்டிவரும் ஏஜெண்டு ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். "நீங்க ஏறி உக்காந்தாப் போதும், மத்ததெல்லாம் என் பாடு" என்றார்.

முகாமில் டாக்டர், காய்ச்சல் விடும்வரை பிள்ளையைக் கப்பலேற்ற முடியாது என்றபோது, நம் பயணம் அதோடு முடிந்தது என்றே நினைத்தேன். தனியாக வந்திருந்தால் திரும்பித்தான் போயிருப்போம். ஏஜெண்டு எல்லாரையும் கூட்டிவைத்து என்ன செய்யலாம் என்று கேட்டார். பரவையிலிருந்து வந்திருந்த அம்மாதான் முந்திக்கொண்டார்.

"பச்சப்புள்ளய விட்டுட்டு எப்படிப் போறது? இருந்து சேந்தே போவோம்."

ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அந்த அம்மா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அவர் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டபோதுதான் நீ கொஞ்சம் கண்ணயர்ந்தாய்.

கடலைத் தாண்டியதும் கூட்டத்தின் மறுபக்கம் தெரிந்தது. ஒரு குடும்பத்துக்கு வெந்நீர் வராமல் வண்டி கிளம்பாது. சந்நிதியில் நீ கண்ணை மூடினால் ஏஜெண்டு விசில் ஊதுவார். எதையும் நின்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை. யாரோ ஒருவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கண்டியில் ஏஜெண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார். "மண்டபத்துல நின்ன நாளை எங்கயாச்சும் கழிக்கணும்ல? அட்டனை விட்டுர்றேன். கதிர்காமத்துக்கு வண்டி பேசியாச்சு."

எல்லாரும் சாமி பார்க்க வந்தவர்கள், தலையாட்டினார்கள். நமக்காகக் காத்திருந்தவர்களிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. நீதான் கேட்டாய்.

"நாளைக்கு இங்கதான இருப்பீக? நான் போயிட்டுச் சாயந்திரத்துக்குள்ள வந்துர்றேன்."

"தனியாவா? நீங்க வரலைன்னா கூட்டம் நிக்காது தாயி."

"நிக்க வேணாம். வந்துருவேன்."

பாக்கியத்துக்கு இன்னும் நடை தள்ளாடியது. நம்மில் ஒருவர் அவளோடு இருந்தாக வேண்டும். விடிந்ததும் மழைத் தூறலில் உன்னை ரயிலேற்றிவிட்டேன். பகல் முழுக்க ஏஜெண்டு எதையெதையோ காட்டினார். என் கவனமெல்லாம் தண்டவாளத்தின் மேலேயே இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில், தொப்பலாக நனைந்து வந்து நின்றாய்.

"பாத்தியா?"

"பாத்தேன். நல்லா இருக்கா. மொகந்தான் குளிருக்குக் கறுத்துப்போச்சு. சுடுசோறு போட்டா."

பரவையம்மா கைகூப்பிச் சாமி கும்பிட்டார். ஏஜெண்டுக்கும் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. நான் பாக்கியத்தை உன் கையில் கொடுத்துவிட்டு, நிம்மதியாக ஒரு மூச்சு விட்டேன்.

போன தை மாதம் செல்லம்மா வந்தாள். கடையை மூடிவிட்டு ஊரோடு வந்துவிட்டார்கள். நீ இறந்துபோன சேதி அவளுக்குத் தாமதமாகத்தான் கிடைத்திருக்கிறது. அழுது ஓய்ந்தபின், ஆறுதலாக இருக்கட்டும் என்று, "அன்னைக்கு அட்டன்ல உன்னைப் பாத்துட்டு வந்த சந்தோசம் அவளுக்குக் கடைசி மட்டும் இருந்துச்சு" என்றேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அக்கா சிலோனுக்கு வந்தாளா மச்சான்?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "மழைன்னா வழியில நாவலப்பிட்டிக்கு மேல மண்ணு சரிஞ்சுரும். வண்டி அங்கனயே நின்னுபோகும். உக்காந்து பாத்துட்டுத் திரும்பியிருப்பா" என்றாள். பிறகு, "அம்புட்டுத் தூரம் வந்துட்டாளே, அம்புட்டுத் தூரம் வந்துட்டாளே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அன்று திரும்பி வந்ததும், பரவையம்மா எடுத்து வைத்திருந்த ஆறிப்போன சோற்றை நீ வாரி வாரிச் சாப்பிட்டாய். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். பார்க்கவில்லை என்று நீ சொல்லியிருந்தால், பேச்சு பிள்ளையின் காய்ச்சலில்தான் போய் நின்றிருக்கும். காத்திருந்தவர்களுக்கும் அவர்கள் காத்திருந்ததே கசந்திருக்கும். இதையெல்லாம் அந்த ரயிலிலேயே யோசித்து முடித்துவிட்டாயா?

போன வாரம் பாக்கியம் வந்திருந்தாள். அவள் வீட்டில் பிள்ளைகளோடு சிலோன் போகலாம் என்று பேச்சு நடக்கிறதாம். "கூட்டத்தோட போறதா, நாங்களாப் போறதாப்பா?" என்று கேட்டாள்.

"புள்ளைக இருக்குல்ல, கூட்டத்தோடயே போ. மேலுக்கு முடியலைன்னா தாங்க நாலு பேரு இருப்பாக. ஆனா யாரையும் பாத்துட்டு வரணும்னு மனசுல வச்சுக்கிட்டுப் போகாத. அதுக்குத் தனியாத்தான் போகணும்."

"அம்மா போயிச் சித்தியப் பாத்துட்டு வந்துச்சுல்ல? சித்தி வீட்டுக்குள்ளயே மேகம் வரும்னு சொல்லும்."

செல்லம்மாவிடம் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறேன். அவள் வாயிலிருந்து எதுவும் வராது.

"ஆமா" என்றேன். "வாசல் வழியா வந்து அடுப்படி வரைக்கும் போகுமாம். சோத்துப் பானையே தெரியாதாம்."

பாக்கியம் சிரித்தாள். நம்பிவிட்டாள். ஆனாலும் உன் அளவுக்கு எனக்குச் சொல்ல வரவில்லை.