பத்தாவது பெயர்

மண்ணூர்பேட்டை,
12-8-1971

அன்புள்ள செண்பகத்துக்கு,

உன் இருமல் நின்றதா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

அச்சகத்தில் ஒரு கூத்து. கல்லூரி ஆராய்ச்சி இதழுக்கு ஒரு மாணவன் கிணற்று நீரைச் சோதித்து ஒரு பக்கக் கட்டுரை எழுதியிருந்தான். புரூப் போய் வரும்போதெல்லாம் அவன் பெயருக்கு மேலே ஒரு பெயர் ஏறியது: பேராசிரியர், துறைத் தலைவர், முதல்வர், முதல்வரின் மைத்துனர். எட்டுப் பேர் ஏறியதும் அச்சுக் கோக்கும் வேம்புலிக்குப் பொறுக்கவில்லை.

"அட்டவணைல கூட்டல் தப்பா கீதுன்னு கண்டுபுட்சதே நான்தான். இவங்கல்லாம் இன்னா கியிச்சாங்க சார்?" என்று கடைசியில் தன் பெயரையும் கோத்துவிட்டான்.

புரூப் திருத்தும் நான் அதைப் பிழையென்று வட்டமிட்டுத்தான் அனுப்பினேன். பெரியவர்கள் எட்டுப் பேரும் "படித்தேன், சரி" என்று கையெழுத்திட்டார்கள். அப்படியே அச்சாகிவிட்டது. முதலாளி கத்தினார், என் வேலைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதே. அந்த மாணவன் மட்டும் தேடி வந்து, "என் கட்டுரையைப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான்" என்று வேம்புலியின் மை படிந்த கையைப் பிடித்துக் குலுக்கினான்.

மோர் மிளகாய் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பு. போன கடிதத்தின் அடியில் உன் பெயர் இருந்தது. எழுத்தும் வார்த்தையும் பக்கத்து வீட்டு டீச்சருடையவை. அடுத்ததை நீயே எழுது. எத்தனை பிழை இருந்தாலும் சரி, ஒன்றைக்கூடத் திருத்த மாட்டேன்.

எதிரே தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன்.

உன்
இசக்கிமுத்து