வேலிக்கு வெளியே இருந்த கானெலுக்கு

என் கானெல் கண்ணே,

நீ வேலிக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தாய். உட்கார்ந்திருந்த உன்னைச் சுட்டார்கள். சுட்ட பிறகு பின்னங்கால்களைப் பிடித்துக் கம்பிக்கு அடியில் உள்ளே இழுத்துப் போட்டு, மான் திருட வந்த நாய் என்றார்கள். நடந்தது இதுதான். இத்தனை வருஷமாக நான் சொல்வதும் இதுதான். ஒரு சொல்லையும் மாற்றியதில்லை.

உன்னிடம் சொல்ல நிறையச் சேர்ந்துவிட்டது. உன் அம்மா, என் வீட்டுக்காரி, போய்ச் சேர்ந்துவிட்டாள். இங்கே கானெல் என்று சொல்லும் கறுவாப்பட்டையின் நிறத்தில் ஒரு குட்டி சமையலறை வாசலில் வந்து நின்றபோது "கானெல் மாதிரியே இருக்கு" என்று உனக்குப் பெயர் வைத்தவள் அவள்தானே.

இப்போது நான் வடக்கே, தேர் ரூஜ் ஊரில் மகள் பார்வதி வீட்டில் இருக்கிறேன். சிமெண்டு வீடு, மழை உள்ளே வராது. பேரப்பிள்ளைகள் நல்லவர்கள். இந்தத் தீவு பேசும் கிரியோலில் கேட்கிறார்கள், கிரியோலில் பதில் சொல்கிறேன். தமிழில் பேசிக்கொண்டே நான் நடந்தது உன்னோடுதான். நீ ஒரு காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு வருவாய். இங்கே யார் திருப்புகிறார்கள்?

இதைப் பத்திரிகையில் படிக்கப்போகிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் விவரமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

தெற்கே நாம் இருந்த கரும்புத் தோட்டத்துக்குப் பின்னால், மலைச்சரிவில் மான் காடு. குளிர்காலத்தில் துரைமார் வேட்டைக்கு வருவார்கள். கூலிக்காரர்களாகிய நாங்கள் வரிசையாக நின்று, கத்தி, தகரம் தட்டி, துப்பாக்கிப் பக்கம் மானை விரட்டிக் கொடுக்க வேண்டும். அந்தக் காட்டுக்குக் காவல் லூயி. ஒரு நாள் கடை வாசலில் நீ வழியில் படுத்திருந்தாய் என்று தடியால் அடித்தான். பிறகு என்ன தோன்றியதோ, உன்னைக் கண்டால் கறித்துண்டு போட ஆரம்பித்தான். நீ முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியில் மான் ஈரலே கொண்டுவந்து போட்டான். அதையும் தாண்டிப் போனாய்.

"விடு லூயி! இது யூனியன் நாய். உன் கறிக்கு எதிரா ஸ்ட்ரைக் பண்ணுது!" என்றான் என் கூட்டாளி பெருமாள்.

கடை வாசலே சிரித்தது. லூயி மட்டும் சிரிக்கவில்லை.

கோயில் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்தை நானே கற்றேன். வேண்டாம் என்று சொல்ல மட்டும் உன்னிடம் கற்றேன். வேலைநிறுத்தத்தில்கூடப் பின்வரிசையில் நின்றவன் நான். அடித்த கையைக் கும்பிட்டுப் பழகியவன். பசியோடு இருந்தும் நீ அந்த ஈரலைத் தாண்டிப் போனதைப் பார்த்த பிறகு, என் முதுகு பழையபடி வளைய மறுத்துவிட்டது.

அடுத்த வேட்டையன்று, வழக்கம்போல வேலி வரை என்னோடு வந்து, சீனக் கொய்யாப் புதரோரம் உட்கார்ந்துகொண்டாய். நான் உள்ளே வெகுதூரம் போய்விட்டேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டபடியே இருந்த நாளில், எது உனக்கான சத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்தபோது புதரடியில் ரத்தம் இருந்தது. கம்பிக்கு அடியில் இழுத்த தடம் இருந்தது. நீ இல்லை.

தோட்டத்து மேலாளர் என்னை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார்.

"உன் நாய் காட்டுக்குள்ளே வந்துச்சுன்னு சொல்லு. வீடு உனக்கே இருக்கும்."

"வரல, மிசியே."

"வீடு வேணாமா?"

"வரல, மிசியே."

தோட்டத்து வீட்டை விட்டு வெளியேறினோம். உன் அம்மா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. உன் சோற்றுத் தட்டையும் சேர்த்து மூட்டை கட்டினாள். உன்னை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று வேலிப் பக்கம் நின்று மான் விரட்டிய பெருமாளும் திறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெருமாள் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தான். தலையெல்லாம் வெள்ளை.

"முனுசாமி, இன்னுமா அந்த நாயை நினைச்சுக்கிட்டு இருக்கே?"

"அதுக்குப் பேரு இருக்கு."

"சரிப்பா, கானெல். சுதந்திரம் வந்து நாடே நம்ம கைக்கு வரப்போகுது. புதுக் கொடி ஏத்தப்போறாங்க. நீ என்னடான்னா…"

"எங்கே விழுந்துச்சு? அதை மட்டும் சொல்லு."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். பார்வதி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வெளியிலதான். புதர்கிட்ட, உக்காந்தபடியே. லூயிதான் உள்ளே இழுத்துப் போய்ப் புதைச்சான். எனக்கும் வீடு இருந்துச்சு, பிள்ளைங்க இருந்துச்சு, முனுசாமி."

"என்கிட்ட ஏன்டா சொல்றே? எனக்குத் தெரியாதா? தோட்டத்துல போய்ச் சொல்லு."

"யாருகிட்ட? லூயிக்குக் காது கேக்காது இப்ப."

"கை இருக்கில்ல? புதைச்ச இடத்தைக் காட்டட்டும்."

பெருமாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தான். அவன் போன பிறகு வீடு எவ்வளவு பெரிதாக இருந்தது தெரியுமா?

அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன். பெருமாள் என்னிடம் சொன்னதைத் தோட்டத்துக் கோயில் வாசலில், பூசை முடிந்து ஆட்கள் கலையும் முன் சொல்ல வேண்டும். லூயி உன்னைப் புதைத்த இடத்தைக் காட்ட வேண்டும். இப்போதைய மேலாளர் அன்று அங்கே இல்லை. ஆனாலும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், உன்னைத் திருட்டு நாய் என்றது பொய் என்று அவர்தான் சொல்ல வேண்டும். அன்று தகரம் தட்டியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும், பேசாவிட்டாலும் பரவாயில்லை. "எதுக்கு பப்பா இந்த வயசுல?" என்று கேட்காமல் பார்வதி என்னைப் பஸ் ஏற்றிவிட வேண்டும்.

நான் மண்வெட்டி கொண்டு வர வேண்டும். யார் வந்தாலும் வராவிட்டாலும் வருவேன். உன் எலும்பை அந்த வேலிக்கு வெளியே கொண்டுவந்து வைக்காமல் கண்மூட மாட்டேன்.

உன் அப்பன்,
முனுசாமி