தவறணைக்குப் போய்வரும் உங்கள் பேணி

என் பகிடிகளுக்கும் அதற்கு விழுந்த அடிகளுக்கும் சரிபங்காளியான சித்தப்பாவுக்கு,

மேலுலகவாசிகள் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது என்னவென்றால், எங்கள் துறையடித் தவறணையில் இப்போது எவரும் கடைக் கோப்பையில் கள்ளுக் குடிப்பதில்லை. ஆளுக்கொரு கோப்பையை வீட்டிலிருந்தே கொண்டுபோகிறார்கள். சின்னத்தம்பி அண்ணனின் கோப்பையில் முயல் படம் இருக்கிறது. மகளின் பாலர் பாடசாலைக் கோப்பையாம். இன்னொருவர் சோற்றுக் குக்கரோடு வந்த அரிசி அளக்கும் கோப்பையோடு திரிகிறார். கள்ளை அளந்து குடிக்கிற முதல் மனிசன் அவர்தான்.

நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். ஆனால் நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது. எச்.ஐ.வி.யோடு இருந்து செத்த ஆள் வாய் வைத்த கோப்பைகள் என்றுதான் அவர்களுக்குப் பயம். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது, பயம் மட்டும் போகவில்லை. கோப்பையால் தொற்றாது என்று அதே ஆட்களுக்கு நீங்களே எத்தனை தரம் சொன்னீர்கள்?

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியத்தன்று சித்தி கொடுத்த தேத்தண்ணி எல்லார் முன்னாலும் ஆறிக் கிடந்தது. ஒருவரும் தொடவில்லை. சித்தி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. நான் ஒவ்வொரு கோப்பையாக எடுத்து எல்லாவற்றையும் குடித்து முடித்தேன். பிறகு நித்திரை வராமல் கிடந்ததற்குத் தேத்தண்ணிதான் காரணம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

இப்போது ஒரு நல்ல செய்தி. உங்களோடு ஒரே தோணியில் வலை போட்ட, ஒரே தவறணை வாங்கில் அருகருகே இருந்து குடித்த யோகன் மாமா கடைசியில் இரத்தம் சோதிக்கப் போய்விட்டார். அந்தப் பெரிய காரியத்தைச் செய்து முடித்தவன் வேறு யாருமில்லை, உங்கள் பெறாமகன்தான். ஒரு பகிடியால் ஒரு மனிசனைக் கிளினிக்கில் இறக்கிய பெருமை இந்த வாவிக்கரையில் எனக்கு மட்டும்தான். எப்படி என்று சொல்கிறேன், பொறுங்கள்.

முதலில் அந்த மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இதை வாசிக்கிற மற்ற ஆட்களுக்குத் தெரியாதே. துறையடியில் கண்டல் மரங்களின் பக்கத்தில் காலையில் இரத்தம் சோதிக்க ஒரு மேசை போடுவார்கள். ஆய்வுக்கு வந்த மிஸ் ஒருவரும் ஒரு தாதியும் இருப்பார்கள். வலை இழுத்துத் தோணி கரைக்கு வருகிற நேரத்துக்கும் தவறணை திறக்கிற நேரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அவர்களுடைய நேரம். கள்ளு வெறியில் இருக்கிற ஆள் சோதனைக்கு ஓம் என்றால் அது சம்மதம் ஆகாது என்று மிஸ் சொல்வார். அதனால் ஆட்கள் தெளிவாக இருக்கிற நேரத்தைப் பிடிக்க அவர்கள் விடியவே வருவார்கள்.

குடித்தால் ஆணுறை மறந்துபோகும், மருந்துக் குளிசை மறந்துபோகும், சோதிக்கப் போவதும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போகும். ஆகவே குடியைக் குறைக்கிற உதவியையும் கிருமி தொற்றாமல் காக்கிற வழிகளையும் ஒரே மேசையில் வைத்தால் ஆட்கள் வருவார்களா? இதுதான் அவர்களுடைய ஆராய்ச்சிக் கேள்வி. அந்த மேசையில்தான் உங்களுக்குக் கிருமி இருப்பதும் தெரியவந்தது. பிந்தித்தான் தெரியவந்தது. அதற்குள் நெஞ்சுச் சளி உங்களைப் பாதி தின்றிருந்தது.

ஆனாலும் நீங்கள் ஒளிக்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, கரைக்கு வருகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டீர்கள். "நான் பிந்தி வந்தன். நீங்க முந்தி வாங்கடா, போட்டியில நானே தோத்துட்டன்" என்று சிரிப்பீர்கள். வந்தார்கள். யோகன் மாமா மட்டும் நாளைக்கு வாறன், நாளைக்கு வாறன் என்று வலையில் நண்டு கழற்றிக்கொண்டே இருந்தார். வெறியில் நீங்கள் இருவரும் சேர்ந்துபோன இடங்கள் அவருக்கும் தெரியும்தானே. உங்களுக்கு வந்தது தனக்கும் வந்திருக்குமோ என்ற யோசனைதான் அவரைத் தடுத்தது.

பிறகு நீங்கள் போனீர்கள். அதன்பிறகு மேசையும் போய்விட்டது. நிதி நின்றுவிட்டது என்று மிஸ் வந்து சொன்னார். எங்கள் வகுப்பில் நிதி என்றொருத்தி இருக்கிறாள். அவள் எங்கே நின்றாள் என்று கேட்டேன். மிஸ் சிரிக்கவில்லை. மேசையின் கால்களை மடக்கிக்கொண்டு நின்றார். தூர நாடொன்றில் யாரோ வேறு செலவுகள்தான் முக்கியம் என்று முடிவெடுத்தார்களாம். ஆய்வு பாதியில் நிற்கிறதாம். பாதிக் கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சித்தப்பா? விடை கிடைத்திருந்தால் வேறு துறையடிகளிலும் இப்படி மேசைகள் போட்டிருப்பார்கள். உங்களைப் போல் பிந்திப்போகிற யாரோ ஒருவர் அங்கே முந்தியிருக்கலாம். நிதி என்ற சொல்லில் பகிடி விடுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

நகரத்துக் கிளினிக் இருக்கிறதுதான். காசும் வாங்குவதில்லை. ஆனால் ஒரு நாள் தொழில் போகும், பஸ்ஸில் ஊராட்கள் இருப்பார்கள், எங்கே போறாய் என்பார்கள். தவறணை ஆட்களுக்கோ சொந்தக் கோப்பை வந்தபிறகு தேவையே இல்லாமல் போய்விட்டது. கோப்பைதான் காவல், இனி ஏன் சோதனை? இதைப் பார்த்துத்தான் என் மூளை வேலை செய்தது.

செத்த வீட்டுக்குப் பிறகு உங்கள் சாமான்களை எரித்தபோது, காகத்துக்கு எறிந்து நெளிந்துபோன, நீங்கள் கள்ளுக் குடித்த சில்வர் பேணியை நான் எடுத்து ஒளித்துவிட்டேன். அந்தப் பேணியைப் பேணி வைத்திருந்தவன் நான். யோகன் மாமாவும் தவறணைக்குச் சில்வர் பேணிதான் கொண்டுபோவார். அதை வீட்டு வேலித் தடியில் கவிழ்த்திருப்பார். ஒருநாள் அதை எடுத்துவிட்டு உங்களுடையதைக் கவிழ்த்துவைத்தேன். சில கிழமைகள் குடிக்க விட்டேன். பிறகு துறையடிக்குப் போய் உண்மையைச் சொன்னேன். பயத்தில் முகம் வெளுக்கும், உடனே கிளினிக்குக்கு ஓடுவார் என்பது திட்டம். அடுத்த பஸ்ஸில் அவர் கிளினிக்குக்குப் போனார். திட்டம் வெற்றி.

இப்படித்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிகிறேன். உங்களிடம் சொல்லும்போது மட்டும் பேனை நகர மறுக்கிறது. உங்களை ஏமாற்ற எனக்கு எப்போதாவது முடிந்திருக்கிறதா?

நடந்தது வேறு. நான் சொன்னபோது மாமா வலையிலிருந்து தலை நிமிரவே இல்லை.

"தெரியும் மனே. முதல் நாளே நெளிவு விரல்ல பட்டிச்சி."

"பயமில்லையா மாமா?"

"கோப்பையால வராதெண்டு உண்ட சித்தப்பன் சொல்லிச் சொல்லியே செத்தான். அவன்ட பேணியில குடிச்சா அவன் பக்கத்தில இருக்கிற மாதிரிக் கிடக்கு. நீ ஏன் அத எடுக்கப் பாக்காய்?"

துறையடியில் எல்லாரும் பார்க்க அழுதேன். சேட்டில் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதேன். நீங்களும் போயிருவீங்க மாமா, நீங்களும் பிந்திருவீங்க என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. மாமா கையிலிருந்த நண்டைக் கூடைக்குள் போட்டார். தவறணை இன்னும் திறக்கவில்லை.

"போய்ச் சேட்ட மாத்திக்கொண்டு வா. மறுகா எனக்கு மனம் மாறிரும்" என்றார்.

இன்னுமொன்று. கிளினிக்கில் ஊசியைக் கண்டு மயங்கி விழுந்தது அவர் அல்ல. தாதி என் முகத்தில் தண்ணீர் தெளித்தா. பஸ்ஸடி வரைக்கும் என்னைத் தோளில் தாங்கி நடத்திவந்தவர், நான்தான் கூட்டிப்போனேன் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிற அதே யோகன் மாமாதான். இதையெல்லாம் எழுதச் சித்தியும் சம்மதித்தா, மாமாவும் சம்மதித்தார். சோதனை முடிவை மட்டும் எழுதாதே என்றார், அதனால் எழுதவில்லை. அடுத்த கிளினிக் நாளுக்கும் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லலாமாம்.

அன்றைக்கும் அவரோடு போவேன், சித்தப்பா. ஊசி போடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன், அவர் கையை விடமாட்டேன். உங்கள் பேணி அவரிடமே இருக்கட்டும்.

மயங்கி விழுந்த மாவீரன்,
உங்களிடம் அடியும் பகிடியும் பெற்ற பெறாமகன்,
கிருசாந்
பெரியகல்லாறு