பாஸ் அவுட்

நவம்பர் 12, செவ்வாய்

மழையில் ரயில் தாமதம். அம்பத்தூர் தையல் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் நன்றாகப் பாட்டு வாங்கினேன். போகட்டும் சனியன்.

சாயங்காலம் வேப்பம்பட்டில் இறங்கும்போது எமிலியிடமிருந்து மெசேஜ். இங்கிலாந்தில் நிவேதிதாவோடு ஒரே வீட்டில் தங்கிப் படிக்கிறவள். 'நிவேதிதா பாஸ்டு அவுட் டுடே. வீ ஆர் ஆல் வித் ஹர்.'

என் பெண் படிப்பை முடித்துவிட்டாள்! இந்த வாரம்தான் ரிசல்ட் என்று சொல்லியிருந்தாள். அவள் அப்பா ஓடிப்போய் ஜாங்கிரி வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தார். "எம் பொண்ணு பாஸ் அவுட்டுப்பா!"

மாடியில் குடியிருக்கும் ரேகா ஐ.டி.யில் இருக்கிறாள், கோயமுத்தூர்ப் பெண். ஜாங்கிரியைக் கையில் வைத்துக்கொண்டு மெசேஜைப் படித்தாள். முகம் செத்துப்போயிற்று.

"அக்கா, நாமதானுங்க படிச்சு முடிச்சா பாஸ் அவுட்னு சொல்றோம். அவங்க ஊர்ல அதுக்கு மயக்கம் போட்டு உழுந்துட்டான்னு அர்த்தமுங்க."

ரேகாவே எமிலிக்குப் போன் போட்டுக் கேட்டாள். குடல்வால் வெடித்து, சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டதாம். ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே பிள்ளை விழுந்து கிடக்க, இங்கே நான் இனிப்புத் தின்றேனே. பாவி நான்.

நவம்பர் 13

வேலைக்குப் போகவில்லை. காலையில் எமிலி: 'இட் வாஸ் டச் அண்ட் கோ லாஸ்ட் நைட்.'

ரேகா ஆபீஸ் போய்விட்டாள். போனிலேயே தமிழில் போட்டுப் பார்த்தேன். 'தொட்டுவிட்டுப் போ' என்று வந்தது. யாரைத் தொட்டுட்டு? எங்க போ? கோன்னா போறதுதானே? ஐயோ, எம் பொண்ணு போயிட்டாளா?

அவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "இன்னாத்துக்குமே அழுவுற? போயிட்டிருந்தா இப்டியா எழுதுவாங்கோ?"

ரேகாவுக்குப் போன் போட்டேன். "பொழைக்கறதும் பொழைக்காததும் மயிரிழைல இருந்துச்சுன்னு அர்த்தமுங்க்கா. நேத்து அப்படி, இன்னைக்கு..." அர்த்தம் தெரியாமலே இருந்திருக்கலாம்.

நவம்பர் 14

'ஸ்டேபிள்.' அப்படியேதான் இருக்கிறாளாம். அப்படியேன்னா எப்படி?

நவம்பர் 15

'நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ் எட்.'

எங்களுக்கு 'வுட்ஸ்' மட்டும் புரிந்தது. "காட்டுக்கு எதுக்குமே போனா? ஆஸ்பத்திரில கீறான்னுதான சொன்னாங்கோ?" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை அங்கே அப்படிக் கிடக்கும்போது சிரித்தேன். பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை.

ஆபத்து இன்னும் தாண்டவில்லை என்று ரேகா சொன்னாள். எமிலி நல்ல பெண்தான். ஆனால் அவள் பெயரைத் திரையில் பார்த்தாலே தொடப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 16

'ஷீ ஹேஸ் கம் ரவுண்ட்.'

சுற்றி வந்தாளாம். எதை? எழுந்து நிற்கவே முடியாதவள்! இந்தத் தடவை ரேகா மாடியிலிருந்து ஓடிவந்தாள். "கண்ணு முழிச்சுட்டாளுங்க்கா!"

அவர் வாசலில் போய் நின்றுகொண்டார். முகத்தைக் காட்டவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

வீடியோவில் வந்தாள். உதடெல்லாம் வெடித்து, கையில் ஊசி.

"ஐ ஆம் ஃபைன்மா. நத்திங் டு வொர்ரி."

இத்தனை நாள் பட்டது போதாதா? ரயிலில் டிக்கெட் இல்லாவிட்டால் கட்டுவதும் ஃபைன்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இங்கிலீஷ்ல சொல்லாதடி. தமிழ்ல சொல்லு. எப்டிக்கீற?"

அவளுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது.

"பயமா கீதும்மா. செத்துடுவேன்னு நெனச்சேன். உன்னத் தேடுதும்மா."

"எனுக்கும் பயமா கீது கண்ணு," என்றேன். இரண்டு பேரும் அழுது தீர்த்தோம்.

நவம்பர் 20

பசிக்குதாம். அந்த ஊர் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லையாம், உப்பில்லை உறைப்பில்லை என்று சமைத்தவனைக் கிழி கிழியென்று கிழித்தாள். நடுவில் எனக்கும் விழுந்தது.

திட்டட்டும். நன்றாகத் திட்டட்டும்.