புகைமூட்டப் படம்

சனிக்கிழமை இரவு, பெர்மாஸ் ஜெயா

கவிதாவின் பிறந்தநாள் ஆல்பம் இன்று மாலைதான் முடிந்தது. ஒரே ஒரு படம்தான் தொல்லை கொடுத்தது. கடற்கரையில் அவள் அப்பா தோளில் உட்கார்ந்து சிரிக்கிற படம். சிங்கப்பூரில் வேறு குடும்பம் தேடிக்கொண்டவரின் முகத்தை என் கையால் ஒட்ட எனக்கென்ன தலையெழுத்து? வெட்டியெறியலாம் என்றால் குழந்தையின் கால்களும் போய்விடும். அதனால் அவர் முகத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்தேன். அதில் பசை பட்டால் கறை வெளியே தெரியும். ஓரங்களில் மட்டும் ஒட்டி, ரிப்பனால் மறைத்தேன். நடுவில் தாள் லேசாக உப்பி நின்றது. முகம் மங்கிப்போனது. எனக்குத் திருப்திதான்.

சாப்பிட்ட பிறகு கவிதா ஆல்பத்தைப் புரட்டினாள்.

"மம்மி, அன்னிக்கு ஜெரெபுவா?"

"ஆமாம்மா, ஊரெல்லாம் ஒரே புகை."

"என் மூஞ்சி மட்டும் நல்லா தெரியுதே?"

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது, உப்பிய தாளைப் படத்தோடு சேர்த்து விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். விரலைச் சுற்றி அவர் கண்ணும் மூக்கும் தெளிவாக வந்தன. விரலை எடுத்ததும் மங்கின. மறுபடி அழுத்தினாள்.

இப்போது தூங்குகிறாள். சற்றுமுன் நானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன்.