குருத்தில் மஞ்சள் தண்ணீர்

ஜனவரி 5, 2007. வெள்ளி.

மழை. ஜனவரியில், மொன்றியலில், மழை. வெளியே +6. பின்முற்றத்தில் பனையைச் சுற்றிய பெட்டிக்குள் +9. பல்புகளை அணைத்தேன். மூடியைத் திறக்கவில்லை. திறந்தால் பனை நனையும்.

குளிரை இந்தப் பனை தாங்கும். ஈரத்தைத் தாங்காது. நடுக்குருத்தின் அடியில் தண்ணீர் தேங்கும், உறையும், இளகும், மறுபடி உறையும், பிறகு அழுகும். கிளை கிடையாது. வளர்நுனி ஒன்றே ஒன்று. அது போனால் மரம் போயிற்று.

பெட்டி: நான்கு பக்கமும் தெர்மோகோல். மேலே பலகை மூடி, அதன்மேல் நீலத் தார்ப்பாய். உள்ளே பழைய கிறிஸ்துமஸ் சீரியல் பல்பு, சூடாகிற வகை. ஒரு தெர்மாமீட்டர். மரம் இடுப்பளவு. விசிறி ஓலை ஒன்பது. இது மூன்றாவது குளிர்காலம்.

வீட்டுக்கார அண்ணா சமையலறை ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவரும் அவர் மனைவி அக்காவும் மேலே. நான் பேஸ்மென்டில்.

"உது இன்னும் சாகேல்லையோ?"

"இல்ல அண்ணா."

"அதுக்கு ஒரு வீடு, அதுக்குள்ள லைட்டு. உமக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கிறதே இவ்வளவு கரைச்சல் இல்லை."

ஜன்னலை மூடிக்கொண்டார். நல்லது.

ஜனவரி 7. ஞாயிறு.

வெயில். இரண்டு மணிநேரம் மூடி திறந்து காற்று. ஓலை இடுக்குகளை டிஷ்யூவால் ஒற்றி எடுத்தேன். குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. போன மார்ச்சில் இதே சோதனை. குருத்து கையோடு வந்தது. அடியில் பழுப்பு, புளித்த வாடை. அடுத்தது தலைகாட்ட ஆகஸ்ட் ஆயிற்று. இன்னொரு முறை தாங்காது.

டிபார்ட்மென்ட் தோழி ஒருத்தி வெள்ளியன்று சொன்னது: உன் பனை நல்ல உவமை, புலம்பெயர்ந்தவர்களுக்கு. இரண்டு நாளாக உள்ளே கொதிக்கிறது. உவமை இல்லை. மரம். நான் வளர்ந்தது அசோக் நகரில் மூன்றாம் மாடி. பனையை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். இது நம் ஊர்ப் பனையும் இல்லை. சீன மலைச்சரிவில் வருவது, பனி தெரிந்தது. இதில் ஏக்கம் எங்கே இருக்கிறது? இங்கே வராது என்றார்கள். அதனால் வைத்தேன். அவ்வளவுதான்.

துணி துவைக்கவில்லை.

ஜனவரி 11. வியாழன்.

நாளை டொராண்டோ. கருத்தரங்கு. திங்கள் திரும்புகிறேன். என் கட்டுரை இன்னும் இரண்டு பக்கம் நீளம்.

அண்ணாவுக்கு ஒரு தாள்:
1. −5க்குக் கீழே போனால் பிளக்கைச் சொருகவும்.
2. மூடியைத் திறக்க வேண்டாம்.
3. தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவதற்கு அடியில் இரண்டு கோடு. அண்ணா வாங்கி, படித்து, ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினார்.

"ஓம், நான் பாக்கிறன். நீர் போட்டு வாரும்."

ஜனவரி 15. திங்கள். பொங்கல்.

உறைமழை. பஸ் இரண்டு மணிநேரம் தாமதம். நடைபாதை முழுக்கக் கண்ணாடி. வாசலில் வழக்கமான பிளாஸ்டிக் தோரணம். உள்ளே நெய் வாசனை. அக்கா கையைப் பிடித்து உட்காரவைத்து, தட்டில் பொங்கல் வைத்தார்.

மேசை ஓரத்தில் செய்தித்தாள். அதன்மேல் வெளிர்மஞ்சளாகக் கீறிய ஓலைத் துண்டுகள். சிலது மடித்தபடி. அந்த நிறத்தை எனக்குத் தெரியும்.

"இது எங்கேர்ந்து வந்தது அக்கா?"

"உம்மட மரத்திலதான். நடுவில நல்ல குருத்தொண்டு நிண்டுது. எத்தினை வருசமா உந்தப் பிளாஸ்டிக்கையே கட்டுறம், இந்த முறையெண்டாலும் உண்மையான குருத்தோலையில கட்டுவம் எண்டு."

"அப்போ வாசல்ல ஏன் பிளாஸ்டிக்?"

சோபாவிலிருந்து அண்ணா சிரித்தார். "குருத்து கட்டை, நீளமில்லை. ஓலையில நாலு குருவி மடிச்சாத்தான் நல்ல காரியத்துக்கு. இவ மூண்டோட முடிச்சுப்போட்டா. மூண்டு குருவி செத்த வீட்டுக்கெல்லோ. பொங்கலண்டு வாசல்ல கட்டேலுமோ?"

ஆக, தோரணத்துக்காக வெட்டினார்கள். தோரணமும் ஆகவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "யோசியாதையும் பிள்ளை. வெட்டினது பாவமெண்டு மஞ்சள் தண்ணி கரைச்சு ஊத்தினனான். காயத்துக்கு நல்லது."

"எங்க ஊத்தினீங்க?"

"நடுவிலதான். வேற எங்க?"

தாள் ஃபிரிட்ஜில் அப்படியே இருந்தது. இரண்டு கோடுகளும்.

பொங்கலை வாயில் வைக்கவில்லை. கோட்டுகூட இல்லாமல் பின்பக்கம் ஓடினேன். பிளக் கழன்று கிடந்தது. (அக்கா பிறகு சொன்னது: "பல்பு சுடுமெண்டு கழட்டினனான், பேந்து மறந்துபோனன்.") பெட்டிக்குள் −3. குருத்து மூன்று விரல் உயரத்துக்கு மொட்டை. அதைச் சுற்றிக் குழி நிறைய மஞ்சள் பனிக்கட்டி.

பிளக்கைச் சொருகினேன். புதன்கிழமைக்கு −24 என்கிறார்கள்.

ஜனவரி 16. செவ்வாய்.

வெளியே −13. வகுப்புக்குப் போகவில்லை.

யார்மேல் கோபம்:
அக்கா. கேட்காமல் வெட்டியதற்கு. ஊற்றியதற்கு. அன்பாக ஊற்றியதற்கு இன்னும் அதிகம்.
அண்ணா. பாக்கிறன் என்று சொல்லிவிட்டு டிவி பார்த்ததற்கு. குருவியை எண்ணத் தெரிகிறது, தாளைப் படித்து நடக்கத் தெரியவில்லை.
நான். தண்ணீர் வேண்டாம் என்று எழுதினேன், வெட்ட வேண்டாம் என்று எழுதவில்லை. ஆனால் யார் எழுதுவார்கள்? குழந்தையை ஒருவரிடம் விட்டுப்போகும்போது விரலை வெட்டாதீர்கள் என்று எழுதி ஒட்டுகிறோமா?

காலை ஒன்பது மணி முதல் ஹேர் டிரையர். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர். மிதமான சூட்டில், ஒரு முழம் தள்ளி. உருகிய மஞ்சள் தண்ணீரை டிஷ்யூவால் உறிஞ்சி, மறுபடி சூடு, மறுபடி டிஷ்யூ. பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிமேல் கை வைத்து நின்று பார்த்தார். "போன் ஷான்ஸ், மத்முவசேல்." பிரெஞ்சில் வாழ்த்திவிட்டுப் போனார்.

அக்கா வந்தார். அண்ணாவின் ஜாக்கெட், முழங்கால் வரை.

"இளம்பனை, வடலியெண்டா வெட்ட வெட்ட வருமே, பிள்ளை."

"இது வடலி இல்ல. பனையே இல்ல."

"பனை இல்லையோ?"

"நம்ம பனை இல்ல."

"பேந்து ஏன் உதுக்கு இவ்வளவு பாடு?"

என் கையிலிருந்து டிரையரை வாங்கிக்கொண்டார். "கை நீலமாக் கிடக்கு. போய்த் தேத்தண்ணி குடியும்." நான் போகவில்லை. முக்கால் மணிநேரம் பிடித்துக்கொண்டு நின்றார், அசையாமல், சரியான தூரத்தில். என்னைவிடச் சரியாக. அதுவும் எரிச்சல்.

பிறகு மருந்துக்கடை, அழுகாமலிருக்கப் பெராக்சைடு. குருத்தடியில் விட்டேன். நுரைத்தது. மறுபடி உலர்த்தல். வெட்டுப்பட்ட மொட்டைக்கும் பக்கத்து ஓலைக் காம்புக்கும் குறுக்கே பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு. மொட்டை வளர்ந்தால் கோடு இரண்டாக உடையும். உடையாவிட்டால் செத்தது.

ஜனவரி 17. புதன்.

−24. பெட்டிக்குள் +4. கோடு நேராக.

ஜனவரி 20. சனி.

கோடு நேராக. இழுத்துப் பார்க்கும் தைரியம் இல்லை. வாடை இல்லை. மூக்கை உள்ளே விட்டு மூன்று முறை முகர்ந்தேன். மஞ்சள் வாசனை மட்டும்.

மேலே யாரோடும் பேச்சில்லை. அண்ணா நாலு நாளாகப் பகடி விடவில்லை. என் கதவருகே மூடிய பாத்திரத்தில் புட்டு. சாப்பிட்டேன். மன்னித்து அல்ல. பசி.

ஃபிரிட்ஜிலிருந்த தாளை யாரோ எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன.

ஜனவரி 24. புதன்.

கோடு நேராக. அல்லது இல்லை. கண்ணாடி துடைத்துப் பார்த்தேன். நேராக. கட்டுரையைத் திருத்தித் தரவேண்டிய நாள் தாண்டிவிட்டது.

ஜனவரி 28. ஞாயிறு.

வெயில், −9. மூடியைத் திறந்தேன். கோடு உடைந்திருக்கிறது. மொட்டைப் பக்கம் மேலே. ஸ்கேல் வைத்தேன்: ஒன்றரை மில்லிமீட்டர். மறுபடி வைத்தேன். ஒன்றரை. பிடித்து இழுத்தேன். வரவில்லை. கல் மாதிரி நின்றது.

பெட்டிக்குப் பக்கத்தில் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா சமையலறை ஜன்னலைத் திறந்தார். "என்ன மாதிரி?"

பன்னிரண்டு நாள் கழித்து முதல் வார்த்தை. "வளருது."

"நான் சொன்னனான்தானே, மஞ்சள் நல்லதெண்டு." பிறகு விரல் மடக்கி மாதம் எண்ணினார். "அப்ப சித்திரை வருசத்துக்கு நாலு குருவிக்கு நீளம் காணுமோ?"

மூடியை மூடினேன்.

வாங்க வேண்டியது: டிஷ்யூ, பெராக்சைடு, கொண்டி, பூட்டு.