கூட்டி எழுதிய மூன்று வருடம்

புதுக்காடு,
பாப்பிரெட்டிப்பட்டி வழி,
14.5.1989, ஞாயிறு.

அன்புள்ள வேளாங்கண்ணி,

இன்று காலைப் பூசையில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "அமலோற்பவத்துக்கு வயது பதினைந்துதான் ஆகிறது, சாமி."

பிரசங்கம் முடிந்ததும் சாமியார் முதல் கல்யாண ஓலை வாசித்தார். சவரி மகள் அமலோற்பவத்துக்கும், ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் அருள்சாமிக்கும் திருமணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றார். இதை மூன்று ஞாயிறு வாசிப்பது எதற்கென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ கல்யாணமாகித் தங்கவயலுக்குப் போன பிறகு நடந்த கதை இது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

1979 ஜூனில் நான் இந்தப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வாரம். சவரி தங்கவயல் சுரங்க வேலையை விட்டுவிட்டு, ஊரில் கடலைக் காட்டைப் பார்க்கக் குடும்பத்தோடு திரும்பியிருந்தார். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார். ஐந்தரை வயது, மிகச் சிறிய உடம்பு. வழக்கம்போல வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னோம். விரல் எட்டவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியர் சின்னப்பராஜ் சார். அந்தக் குழந்தை தலைமேல் வைத்த கையை எடுக்காமலே, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த குடும்பக் கட்டுப்பாட்டு நோட்டீசை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்க வாசித்தது. சாருக்குச் சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது. மூன்றாம் வகுப்புக் கணக்குகளைக் கொடுத்தேன். சிலேட்டில் போடாமல் வாயாலேயே விடை சொன்னது.

"ஒண்ணுல உக்கார வெச்சா நம்ம வேலைய இது பாத்துக்கும். மூணுல போடும்மா" என்றார் சார். மூன்றாம் வகுப்புக்கு எட்டு வயது வேண்டும். பிறந்த தேதி டிசம்பர் எட்டை மாற்றவில்லை. அமலோற்பவ மாதா திருநாளில் பிறந்ததால்தான் அவளுக்கு அந்தப் பெயர். வருடத்தை மட்டும் 1973 என்பதற்குப் பதில் 1970 என்று எழுதினேன். வயதைக் குறைத்து எழுதச் சொல்லி எல்லாரும் கெஞ்சுகிற இடத்தில் நாங்கள் கூட்டி எழுதினோம். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று அன்று எனக்குப் பெருமை.

அவள் எல்லா வகுப்பிலும் முதல். ஆனால் எட்டாவது படிக்கும்போதும் பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. கூடப் படித்த பெண்கள் தங்கள் பேச்சில் இவளைச் சேர்ப்பதில்லை. லீவு நாட்களில் எங்கள் பள்ளி வாசலுக்கு வந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருப்பாள். அறிவுக்குத் தோதான வகுப்பைத் தேடிக் கொடுத்தேன். மற்றதற்கெல்லாம் தோதான வயதை அவளிடமிருந்து எடுத்துவிட்டேன் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

இந்த ஊரில் ஒரு பிள்ளையின் வயதை வகுப்பை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். போன வருடம்தான் வயதுக்கு வந்தாள். பதினான்கில் வருவது இயல்பு. ஆனால் ஊர்க் கணக்கில் அவளுக்குப் பதினேழு. "பதினேழு வரைக்கும் உக்காராத பொண்ணு, உள்ளுக்குள்ள என்ன கோளாறோ" என்று கண்ணம்மாள் குழாயடியில் சொன்னது காட்டுக்குக் காடு போயிற்று. சவரி பயந்துவிட்டார். யாராவது கட்டிக்கொண்டால் போதும் என்று ஆகிவிட்டது. தாய் ஆரோக்கியம்மாள் உயிரோடு இருந்தால் விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருப்பாள். அவள் இறந்து ஆறு வருடம் ஆகிறது. சவரிக்கோ பள்ளிக் கணக்குதான் கணக்கு. போன வாரம் நான் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தபோது சவரி, "பன்னெண்டாவது முடிச்ச புள்ள சின்னப் புள்ளைங்களா டீச்சர்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அமலோற்பவம் டாக்டர் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறாள். நிச்சயம் இடம் கிடைக்கும். ஆனால் அதற்குப் பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும். என் பொய்தான் அவளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. அதே பொய்தான் மணவறைக்கும் அனுப்புகிறது. ஒன்றைத் தடுத்தால் இரண்டும் நின்றுபோகும். காலையில் நான் பேசாமல் இருந்தது அவள் படிப்புக்காகத்தான் என்று வீடு வரும்வரை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். என் வேலையும் நினைவில் இருந்தது என்பதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

அவளுடைய ஞானஸ்நானப் பதிவு உங்கள் பங்குக் கோயிலில்தான் இருக்க வேண்டும். இங்கே சாமியார் கேட்டதற்கு, பள்ளிச் சான்றிதழைக் காட்டி, ஞானஸ்நானச் சான்றைப் பிறகு வாங்கித் தருவதாகச் சவரி சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அந்தச் சான்றை எழுதி வாங்கி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. மூன்றாம் ஓலை 28ஆம் தேதி. நான் செய்யப்போவது சரியா என்று மட்டும் கேட்காதே. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
பாக்கியமேரி


புதுக்காடு,
13.8.1989.

அன்புள்ள வேளாங்கண்ணி,

நீ மூன்று கடிதம் போட்டும் நான் பதில் எழுதவில்லை. நீ அனுப்பிய சான்று மே 26ஆம் தேதியே கிடைத்துவிட்டது. 1973 என்று தெளிவாக இருந்தது.

முதலில் சின்னப்பராஜ் சாரிடம் காட்டினேன். அவருக்கு ஜூனில் ஓய்வு. "முப்பத்தாறு வருசம் ஓட்டிட்டன், கடைசி மாசத்துல என் பென்சன்ல மண்ணப் போட்றாதம்மா" என்று கும்பிட்டார். பிறகு சவரி வீட்டுக்குப் போனேன். அவர் சான்றை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இது நெசம்னா அவ வாங்குன மார்க்கெல்லாம் பொய்யிங்களா டீச்சர்? ரெண்டுல எது நெசம்னு நீங்களே சொல்லுங்க. எழுதுனது நீங்கதான?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தெரு முனைவரை அமலோற்பவம் என்னோடு வந்தாள். தாவணி அவளுக்கு இன்னும் தோளில் நிற்பதில்லை. "அந்தப் பேப்பரக் குடுக்காதீங்க டீச்சர். குடுத்தா மார்க்கும் போயிரும், காலேஜும் போயிரும். கண்ணாலம் மட்டும் மூணு வருசம் கழிச்சு எப்படியும் நடக்கும். இப்பக் கட்டிக்கிட்டா காலேஜுக்கு அனுப்பறம்னு மாப்ள வீட்ல சொல்லியிருக்காங்க. நான் எல்லாம் யோசிச்சுப் பாத்துட்டங்க" என்றாள். கணக்குக்கு விடை சொல்லும் குரல்தான். அந்தக் குரலைக் கேட்டால் அவளுக்குப் பதினைந்து வயது என்பது எனக்கே மறந்துபோகும். அன்றும் மறந்தது. மறக்க எனக்கு வசதியாகவும் இருந்தது.

மூன்றாம் ஓலை வாசித்த அன்று சாமியார் என்னைக் கூப்பிட்டார். ஞானஸ்நானச் சான்று வந்து சேரவில்லையாம். பிள்ளையைச் சிறு வயதிலிருந்து அறிந்த, பொறுப்பான ஒருவர் ஞானஸ்நானமும் வயதும் குறித்துச் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். சவரி என் பெயரைச் சொல்லியிருந்தார். சான்று என் பெட்டியில், புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. நான் எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் ஐந்தாம் தேதி திருமணம் முடிந்தது. இந்த மாதம் நேர்முகத் தேர்வுக் கார்டு வந்தது. மாவட்டத்திலேயே நல்ல மார்க் வாங்கியவர்களில் ஒருத்தி. சவரி கார்டை என்னிடம் கொடுத்தார். நானே பஸ் ஏறி ஓசூருக்குப் போனேன். மாமியார் காபி கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார். "ரெண்டு மாசமா குளிக்கலைங்க, இந்த நெலமைல எங்கீங்க அனுப்பறது? குழந்த பொறக்கட்டும், பாக்கலாம்" என்றார். அமலோற்பவம் கதவோரம் நின்றிருந்தாள். கார்டை வாங்கி, இரண்டு பக்கமும் வாசித்துவிட்டு, வெயிலாக இருக்கிறது, பார்த்துப் போங்க டீச்சர் என்று மட்டும் சொன்னாள்.

நேர்முகத் தேர்வு புதன்கிழமை. அருள்சாமி நல்ல பையன்தான், மனம் மாறலாம் என்று சவரி சொல்கிறார். நீ செவ்வாயன்று மாதா திருநாள் பூசைக்குப் போவாய் அல்லவா? அவளுக்காக வேண்டிக்கொள். பிரசவத்துக்காகவும் வேண்டிக்கொள், இடுப்பு இன்னும் விரியாத பிள்ளை. எனக்காக வேண்டாம்.

உன்,
பாக்கியமேரி

பி.கு. (17.8.89): இந்தக் கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். நேற்று சென்னையில் நேர்முகத் தேர்வு நடந்தது. அமலோற்பவம் போகவில்லை.